நாற்பத்தோராம் போட்டி, ஐந்தாம் கேள்வி

சூறாவளி அடித்து எட்டாவது வருஷம் அது. வால்வெள்ளி தெரியும் என்று பங்குனியில் ஊரெல்லாம் விடியப்புறம் எழும்பி, மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது. சித்திரைக் கடைசியில் ரசியாவில் அணு உலை வெடித்தது. அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் எங்கள் வீட்டுக் கதை தொடங்கியது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒருதரம் காதில் விழுந்தது போகாது. நான் சொல்லச் சொல்ல மூத்த மகள் அன்னப்பூரணி எழுதி அனுப்பிய கடிதங்களும், எங்களுக்கு வந்த பதில்களும் இவை. வந்தவை தொண்ணூறாம் ஆண்டு வீட்டோடு எரிந்துபோயின. இப்போது மறுபடியும் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். திகதியில் பிழை இருந்தால் அது அவளுடைய பிழை.

*

பழுகாமம்
02.05.1986

மச்சான் அருமைநாயகத்துக்கு,

சீனித்தம்பி எழுதுவிப்பது. நீ கொழும்பில் சுகமாயிருக்கப் பிள்ளையாரை நேர்ந்துகொள்கிறேன். உன் அக்கா கண்ணகைக்குச் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது.

ஜீவரெத்தினத்தைப் பிடித்துவிட்டார்கள். போன கிழமை வியாழன் காலை ஆமிக்காரர் பாலத்தில் பஸ்ஸை மறித்து மூன்று பேரை இறக்கினார்கள். தவிட்டு மூட்டையோடு போன வல்லிபுரம் ஒருவர். பங்குனியில் கலியாணம் முடித்த வினாயகமூர்த்தி ஒருவர். மற்றது எங்கள் கடைக்குட்டி. இங்கே தபாற்கந்தோர் பூட்டிக் கிடப்பதால், உன் பத்திரிகைப் போட்டிக்கு விடை அனுப்பக் களுவாஞ்சிக்குடிக்குப் புறப்பட்டவன்.

பையில் ஒரு படம் இருந்தது. நாற்பத்தோராம் போட்டி, வருஷப்பிறப்புக்கு முதல்நாள் பத்திரிகை, ஐந்தாம் கேள்வி. அவன் உரத்து வாசித்தபோது நான் வலை பொத்திக்கொண்டிருந்தேன். "தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள மரக்கைபோ ஏரியின் உருவரையை வரைந்து, அது கடலோடு சேரும் வாயையும், அதன் மேலுள்ள பாலத்தையும், எண்ணெய்க் கிணறுகள் உள்ள இடங்களையும் குறிக்குக." ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கீறி முடித்துக் காட்டினான். களப்பு மாதிரி ஒரு தண்ணீர், கடலுக்கு ஒரு வாய், வாய்க்குக் குறுக்கே பாலம், கரையோரமெல்லாம் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சிவப்புப் பென்சிலால் புள்ளடி. "என்னடா மகன், மட்டக்களப்பையா கீறி வெச்சிரிக்கா?" என்றேன். சிரித்தான். பாலத்தில் நின்றவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாதவனுக்கு அது எங்கள் களப்பு, எங்கள் பாலம், புள்ளடியெல்லாம் அவர்களுடைய முகாம்கள். நானும் தமிழ் வாசிக்கத் தெரியாதவன்தான். அதனால் அந்தப் பிழைக்காக அவனை நான் ஏசவில்லை.

பத்திரிகையைத் தேடியெடுத்து முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "பத்திரிகை ஆரும் வாங்கலாம். கேள்வி கேட்டவன் வந்து சொல்லட்டும்" என்கிறார் அங்குள்ள பெரியவர். கேள்விக்குக் கீழே பூகோளப்பிரியன் என்று புனைபெயர்தான் இருக்கிறது. அது ஆரென்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். "இந்தப் படத்தைக் கீறச் சொன்னவன் நான்" என்று நாலு வரி எழுதி, உன் சொந்தப் பெயரில் கையெழுத்து வை. வேறொன்றும் வேண்டாம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
சீனித்தம்பி

*

கொழும்பு
28.05.1986

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. செய்தியறிந்து மனம் மிகவும் வருந்துகிறேன். ஜீவரெத்தினம் நற்குணமுள்ள பிள்ளை. அவனுக்கு ஒரு தீங்கும் வராது. இங்குள்ள பெரியவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் இன்னொருவரிடம் பேசுவதாகச் சொன்னார். பொறுமையாக இருங்கள்.

அக்காவை மருந்துகளை ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள். இங்கு ஒரு கிழமையாக விடாமல் மழை. எனக்குத் தடிமன், மற்றப்படி நலம்.

கடிதங்களில் வீட்டுச் சேதிகளை மாத்திரம் எழுதுவது எல்லாருக்கும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அருமைநாயகம்

*

பழுகாமம்
06.06.1986

மச்சானுக்கு,

உன் தடிமன் மாறியிருக்கும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

அன்னப்பூரணி உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். இரண்டு தரமும் ஐந்தாம் கேள்வி அதில் இல்லை. வல்லிபுரத்தின் பெண்சாதி சீதேவிப்பிள்ளை, கொழும்பிலிருந்து கடிதம் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து வாசலில் குந்தியிருந்து அன்னப்பூரணியைக் கேட்டாள்.

"என்னவாம் கா?"

"மழையாம்."

"கொழும்பிலயா?"

"ஓம்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல."

எழும்பிப் போகும்போது, "நல்ல மழைதான்" என்றாள்.

மூன்று பேரையும் தெற்கே ஒரு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். உனக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கல்விக் கந்தோரில் வேலை செய்கிறவன் மேலிடத்தைக் கேளாமல் பத்திரிகைக்கு எழுதினால் பிரச்சினை, அதனால்தான் புனைபெயர். இதையெல்லாம் நீயே போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது சொன்னாய். நான் மறக்கவில்லை. கொழும்பில் தமிழன் தன் பெயரை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுப்பது லேசில்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

சீனித்தம்பி

மாமா, இது அப்பா சொல்லாதது. அம்மா ஒருநேரம்தான் சாப்பிடுகிறா. அப்பா தோணியை எடுப்பதில்லை. களப்புக் கரையில் குந்தியிருந்து விரலால் மணலில் அந்தப் படத்தைக் கீறுகிறார், அழிக்கிறார், பிறகும் கீறுகிறார். ஒரு கோடு பிழையில்லாமல் வருகிறது. பார்க்கப் பயமாக இருக்கிறது. அன்னப்பூரணி.

*

கொழும்பு
19.07.1986

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் அன்னப்பூரணியும் நலமென நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கந்தோரில் வேலை அதிகம்.

ஜீவரெத்தினத்தின் தாய்மாமன் என்ற முறையில் ஒரு நற்சான்றிதழ் இத்துடன் அனுப்புகிறேன். அவன் ஒழுக்கமுள்ள, படிப்பில் ஆர்வமுள்ள மாணவன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியுள்ளேன். அது பயன்படும்.

ஞாயிற்றுப் பத்திரிகையில் மாணவர் பகுதியை இடமின்மையால் நிறுத்திவிட்டார்கள் என்று அறிகிறேன். பிள்ளைகளுக்கு நட்டம்தான்.

தாங்கள் கேட்ட மற்ற விடயம் பற்றி நேரில் கதைப்போம்.

அருமைநாயகம்

*

பழுகாமம்
01.08.1986

மச்சானுக்கு,

சுகம். உன் சுகத்தையும் எழுது, கந்தோர் வேலை குறைந்திருந்தால்.

உன் சான்றிதழை அன்னப்பூரணி முகாம் வரைக்கும் கொண்டுபோனாள். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வாசலில் நின்றவன் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியைக் காட்டினானாம். பெட்டி நிறைய அதே மாதிரிக் கடதாசிகள். மாமன், பெரியப்பன், அதிபர், கோயில் வண்ணக்கர். எல்லாப் பிள்ளைகளும் ஒழுக்கமுள்ளவை. மாமன் எழுதினால் அது பாசம். கேள்வி கேட்டவன் எழுதினால்தான் அது சாட்சி. படித்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேரில் கதைப்போம் என்கிறாய். எங்கே? நீ இங்கே வரமாட்டாய். நான் பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் பெயர் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் "மேப் கீறினவன்ட அப்பன்" என்று ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். போன சனி விடிய நிறுத்தி, மத்தியானம் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் காடு, முன்னால் களப்பு, பாலத்தில் அவர்கள். வலைக்குள் நிற்கிற மீன்கூட ஒள்ளுப்பம், ஒரு முழமாவது, சுற்றித் திரியும்.

ஒன்று கேட்கிறேன். கிழமைக்கு அறுபது எழுபது பிள்ளைகள் விடை அனுப்புவதாக ஜீவன் சொல்வான். யாழ்ப்பாணம், மன்னார், ஹற்றன் என்று பெயர்கள் பத்திரிகையில் வரும். அந்தப் பிள்ளைகளும் அதே ஏரியைத்தானே கீறியிருப்பார்கள்? அந்தக் கடதாசிகள் எங்கே?

சீதேவிப்பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறாள். ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். "உங்கட மகனுக்குக் கீறத் தெரியும், புடிச்சானுகள். என்ட மனிசனுக்கு நேரா ஒரு கோடு இழுக்கத் தெரியா. அவர என்னத்துக்குப் புடிச்சானுகள் எண்டு கேட்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டோம்.

சீனித்தம்பி

*

பழுகாமம்
10.10.1986

மச்சானுக்கு,

ஆவணியில் ஒரு கடிதம், புரட்டாதியில் இரண்டு. ஒன்றுக்கும் பதிலில்லை. நீ சுகமில்லாமல் இருக்கிறாய் என்றால் கவலைப்படுவேன். சுகமாக இருக்கிறாய் என்றால் அதைவிடக் கவலைப்படுவேன்.

உன் அக்கா படுத்த படுக்கை. "தம்பி எழுதிட்டானா?" என்று மட்டும் கேட்பாள். "எழுதுறானாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுபது வயதில் பொய் சொல்லப் பழகுகிறேன்.

சீனித்தம்பி

*

கொழும்பு
09.11.1986

அண்ணன் சீனித்தம்பி அவர்களுக்கு,

உங்கள் மச்சானின் மனைவி செசீலியா எழுதுகிறேன். உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சுகத்தை ஆண்டவர் தர வேண்டும். கலியாணம் முடித்துப் பதினெட்டு வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு நான் எழுதும் முதற் கடிதம். என்னைக் கேட்டு எந்தக் கடிதமும் வந்ததில்லை, ஆகையால் நானும் எழுதவில்லை. அதை இப்போது கணக்குப் பார்க்க வரவில்லை.

உங்கள் கடிதங்களை அவர் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தார். ஐப்பசியில் வந்தது என் கையில் கிடைத்தது. பிறகு பூட்டை உடைத்து எல்லாவற்றையும் வாசித்தேன்.

கேள்விகளை எழுதுவது அவர். விடைகளைப் பிரித்துத் திருத்தி, புள்ளி போட்டு, வென்ற பிள்ளைகளின் பெயர்களை எழுதுவது ஆரம்பம் முதல் நான்தான். ஜீவனைப் பிடித்த செய்தி வந்த அன்று அவர் எல்லா விடைத்தாள்களையும் கொல்லையில் போட்டு எரித்தார். பிள்ளைகளின் பெயர் விலாசம் இருக்கிறது, ஒருவர் கையிலும் அகப்படக் கூடாது என்றார். அது உண்மைதான். ஆனால் நாற்பத்தோராம் போட்டியின் கட்டு திருத்தி முடியாமல் என் தையல் மெசின் பெட்டிக்குள் கிடந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை. அறுபத்து மூன்று தாள். அதில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் கேள்விக்குப் படம் கீறியிருந்தார்கள்.

பெயர் விலாசமெல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். படங்களை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். நான் நீர்கொழும்பில் பிறந்தவள், சிங்களம் எனக்கு வீட்டுப் பாஷை மாதிரி. அதனால் பொறுப்பதிகாரி வரைக்கும் போக முடிந்தது. முப்பத்தெட்டையும் மேசையில் பரப்பினேன். பக்கத்தில் ஜீவனுடையதை வைக்கச் சொன்னேன்.

"இவ்வளவு பேரும் மட்டக்களப்பைக் கீறியிருக்கிறார்களா?" என்றார்.

"இவ்வளவு பேருக்கும் தெரிந்த இரகசியமென்றால் அது என்ன இரகசியம், சேர்?"

"கீறச் சொன்னது ஆர்?"

"நான்தான். பூகோளப்பிரியன் என்பது நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? மங்கோலியாவின் தலைநகர் சொல்."

"உலான் பத்தோர்."

"பராகுவே?"

"அசுன்சியோன்."

"புர்கினா பாசோ?"

"வாகடூகு. இரண்டு வருஷத்துக்கு முந்தி அந்த நாட்டுக்கு வேறு பெயர். அதையும் சொல்லவா?"

"நீ சொல்வது சரியா பிழையா என்று எனக்கு ஆர் சொல்வது?" என்று சிரித்துவிட்டார். உள்ளே சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, மரக்கைபோவை விரலால் தேடிப் பிடித்தார். அங்கே எண்ணெய் எடுக்கிறார்களா என்று இரண்டு தரம் கேட்டார். "மட்டக்களப்பில் எண்ணெய் இருந்தால் இந்தச் சம்பளத்துக்கு நான் இங்கே நிற்கமாட்டேன்" என்றார்.

என்னிடம் நாலு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மாதா மாதம் நான் பொலிஸில் போய் ஒப்பமிட வேண்டும். ஜீவனை விடச் சிபாரிசு எழுதியிருக்கிறார், மேலிடம் சரி சொல்ல வேண்டும்.

ஐந்து நிமிஷம் பிள்ளையைக் காட்டினார்கள். மெலிந்து போனான். என்னை முதன்முதலாகக் காண்கிறான். யாரென்று சொன்னதும் ஒன்றுதான் கேட்டான்: "மாமி, எனக்கு எத்தின புள்ளி?"

பத்துக்குப் பத்து என்றேன்.

அன்புடன்,
செசீலியா

*

பழுகாமம்
20.11.1986

தங்கச்சி செசீலியாவுக்கு,

நீ சுகமா? முழங்கால் வலி என்று அருமைநாயகம் ஒருதரம் சொன்னது ஞாபகம். இப்போது எப்படி? மருந்துக்கு என்ன செய்கிறாய்? வீட்டில் சமையலுக்கு உதவிக்கு ஆள் உண்டா? பதினெட்டு வருஷத்துச் சுகத்தையும் ஒரு கடிதத்தில் கேட்க முடியாது. ஒவ்வொன்றாய்க் கேட்பேன், பதில் எழுது.

கண்ணகைக்கு உன் கடிதத்தை வாசித்தோம். "ஆர் எழுதினது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நீதான் என்று தெரிந்த பிறகு எழும்பியிருந்து கஞ்சி குடித்தாள்.

ஒரு காரியம். சீதேவிப்பிள்ளையும் வினாயகமூர்த்தியின் பெண்சாதியும் வந்து போகிறார்கள். அந்தப் பெட்டை வாய் திறப்பதில்லை. வயிறு தள்ளியிருக்கிறது. "அந்த ஐயாவிட்ட இவங்கட பேரையும் ஒருக்காச் செல்லச் செல்லுங்க" என்று சீதேவிப்பிள்ளை கேட்கிறாள். வல்லிபுரத்தின் கையில் தவிடு, வினாயகமூர்த்தியின் கையில் ஒன்றுமில்லை. ஜீவன் ஏதோ கீறினான், அது வேறு ஏரி என்று காட்டினாய். ஒன்றும் செய்யாதவர்களுக்கு எதைக் காட்டுவது? எனக்குத் தெரியவில்லை. நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரிந்தால் செய்.

அண்ணன் சீனித்தம்பி

*

கொழும்பு
18.01.1987

அண்ணனுக்கு,

முழங்கால் பரவாயில்லை. உதவிக்கு ஆள் இல்லை. மற்றக் கேள்விகளையும் கேளுங்கள்.

ஜீவனை விட்டுவிட்டார்கள். பொலிஸ் ஒப்பம் இருப்பதால் என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. மட்டக்களப்புக்கு வரும் பாதிரியார் ஒருவர் வெள்ளிக்கிழமை புகையிரதத்தில் கூட்டிவருகிறார். அன்னப்பூரணியை நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மற்ற இருவரின் பெயர்களையும் முகாம் அதிகாரியிடம் சொன்னேன். ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்தார். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டார். அந்தப் பெண்களுக்கு என்ன சொல்வதென்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவர் சுகம். என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஞாயிறு வந்தால் இப்போதும் பத்துக் கேள்வி எழுதுகிறார். அனுப்ப இடமில்லை.

செசீலியா

*

பழுகாமம்
25.09.1987

தங்கச்சிக்கு,

முழங்காலுக்குத் தைலம் ஒரு போத்தல் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன். சூடாக்கிப் பூசு. அருமைநாயகத்துக்கு ஒப்பமிடும் வேலையில்லை, ஆகையால் சமையலில் உதவச் சொல்.

ஜீவன் வீட்டில் இருக்கிறான். வந்து எட்டு மாசத்தில் வேலிக்கு வெளியே போகவில்லை. பஸ் சத்தம் கேட்டால் அறைக்குள் போவான். அன்னப்பூரணியின் பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பியில் படம் கீறித் தரச் சொன்னால் "எனக்குக் கீறத் தெரியா" என்கிறான். அவனை வெளியே எடுத்துவிட்டோம் என்று நீயும் நானும் நினைக்கிறோம்.

அவன் வந்த நாளிலிருந்து சீதேவிப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வரவில்லை. வழியில் கண்டாலும் மறுபக்கம் கிறுகிவிடுவாள். ஆடியில் சமாதான ஒப்பந்தம் வந்து, முகாமில் உள்ள எல்லாரையும் விடுகிறார்கள் என்றதும், அவளும் வினாயகமூர்த்தியின் பெண்சாதியும் கைக்குழந்தையோடு மூன்று நாள் புகையிரத நிலையத்தில் கிடந்தார்கள். மூன்று வண்டி நிறையப் பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு ஆரோ பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வல்லிபுரம் போன வருஷம் ஆடி மாசமே காய்ச்சலில் முடிந்தாராம். அருமைநாயகம் சான்றிதழ் அனுப்பிய மாசம். அவரை என்னத்துக்குப் பிடித்தார்கள் என்று சீதேவிப்பிள்ளை எழுதச் சொன்னபோது அவர் இல்லை. வினாயகமூர்த்தி இந்தத் தையில், ஜீவன் வெளியே வந்த அதே கிழமையில். நீ பெயர் சொன்னபோது அவன் இருந்தானோ இல்லையோ, அந்தப் புத்தகத்துக்குத்தான் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் சீதேவிப்பிள்ளை வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீவன் அறைக்குள் இருந்தான். நாங்கள் கதைப்பது அவனுக்குக் கேட்கும், அவளுக்கும் அது தெரியும்.

"அண்ணன், நீங்க ஒண்டையும் மறக்காத ஆள். அண்டைக்குப் பாலத்தில எத்தின பேர இறக்கினானுகள்?"

"மூண்டு பேரு."

"பேரச் செல்லுங்க."

"வல்லிபுரம். வினாயகமூர்த்தி. என்ட மகன்."

"அதில இப்ப உசிரோட இரிக்கிறது ஆரு?"

நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"செல்லுங்களன் அண்ணன். ஊரெல்லாம் உங்கட மகன்ட பேர என்னைக் கண்டா முழுங்கிட்டுப் போகுதுகள். ஒராளாவது என்ட முகத்தப் பாத்துச் செல்லட்டும்."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன், கேட்டபடியே சொன்னேன்: ஜீவரெத்தினம்.